ஆறு மணி ஆகட்டும்

வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சங்கரவடிவு டீச்சர் கைப்பேசியை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மணி ஆறு இரண்டு. ஆறரைக்கு எல்லாம் முடிந்துவிடும். சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர், தரவரிசை நூற்றொன்று முதல் நூற்றைம்பது வரை, நாலரையிலிருந்து ஆறரைக்குள் இணையதளத்தில் நுழைந்து, வேண்டிய ஊரைத் தொட்டு, ‘உறுதி செய்’ என்ற பச்சைப் பட்டனை ஓர் அமுக்கு அமுக்க வேண்டும். அமுக்கினால் பணிமாறுதல். அவ்வளவுதான் வேலை, இதற்குத்தான் ஒன்பது வருஷம். அவளுடைய எண் நூற்றுப் பதினேழு. அம்பாசமுத்திரம் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒரே ஓர் இடம் காலி. நேற்று ஊர் எடுத்த முதல் நூறு பேரில் ஒருவரும் அதைத் தொடவில்லை. இன்றைக்கு அவளுக்கு முன்னால் நிற்கிற பதினாறு பேருக்கும் போன் போட்டு, நலம் விசாரிக்கிற சாக்கில் ஆழம் பார்த்து வைத்திருந்தாள். மதுரை என்றார்கள், தேனி என்றார்கள், ஒருத்திக்குப் புருஷனோடு ஆகாது, இருக்கிற இடமே நிம்மதி என்றாள். அம்பை யாருக்கும் வேண்டாம். அம்பை இவளுக்கு. அங்கேதான் வீடு, அங்கேதான் புருஷன் ஆவுடையப்பன், அங்கேதான் பதிமூன்று வயசு மதிவதனி. இவள் மட்டும் ஓசூருக்கும் அந்தாண்டை, கண்டக்டர் மூன்று பாஷையில் டிக்கெட் கேட்கிற ஒரு மலையடி ஊரில், மாடியில் ஒற்றை அறையில், ஒற்றை டம்ளரில் காபி குடித்துக்கொண்டு. விட்டுவிட்டு வந்தபோது அந்தப் பிள்ளைக்கு நாலு வயசு. சட்டைப் பட்டன் போடத் தெரியாது. இப்போது அவளுக்கு எது தெரியும் எது தெரியாது என்பதே இவளுக்குத் தெரியாது. வட்டம் நின்றது. வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

நாலு முப்பத்தெட்டுக்குத் திறந்தது. அதைத்தான் மனசு போட்டுப் பிராண்டிக்கொண்டே இருந்தது. சும்மா பார்ப்போம், தொட வேண்டாம், பார்த்தால் என்ன வந்துவிடும் என்று ஒரு தடவை திறந்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்து நின்றது. பெயர் சரி, எண் சரி, ஒன்பது வருஷத்துக்கு முந்தைய போட்டோவில் தலைநிறைய முடியோடு அவளே இருந்தாள். ஊர்ப் பட்டியலில் நாலாவதாக அம்பாசமுத்திரம், பக்கத்தில் ஒன்று என்ற எண். கட்டைவிரல் அதற்கு மேலே வந்து நின்றதுகூட ஞாபகம் இருக்கிறது. பிறகு என்ன செய்தாள்? சமர்த்துப் பிள்ளையாக மூடிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். அதற்குச் சற்று முன்னால்தான் ஆவுடையப்பன் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “ஏளா வடிவு, ஆறு மணி ஆவட்டும். ஆறரை வரைக்கும் நேரம் கெடக்குல்லா. இந்தத் தடவையும் அவசரப்பட்டு ஏதாவது பண்ணித் தொலைச்சிராத.” இந்தத் தடவையும் என்ற அந்த ஒரு சொல் போதும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, பதினொன்றே காலுக்கு, அதிகாரி சாப்பிடப் போக வேண்டும் என்று அவசரப்படுத்த, நியமன ஆணையில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை பத்தரை டு பன்னிரண்டு. “ஒரு முக்கா மணி நேரம் பொறுக்க முடியலையா ஒனக்கு” என்று அன்றைக்குக் கேட்டவர் அப்புறம் நிறுத்தவே இல்லை. ஊர் இவ்வளவு தூரமாகப் போனதற்கு அந்தக் கையெழுத்து, மதிக்கு டைபாய்டு வந்ததற்கு அந்தக் கையெழுத்து, கிணற்று மோட்டார் புகைந்ததற்கு, அவருக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் ஆனதற்கு, எல்லாவற்றுக்கும் பதினொன்றே கால். எட்டாம் வகுப்பில் மூடநம்பிக்கை ஒழிப்பு என்று ஒரு பாடம் வருஷா வருஷம் நடத்துகிறாள், பிள்ளைகளைக் கைதூக்கச் சொல்லிக் கேள்வி கேட்கிறாள். ராகு காலத்தை அவள் நம்பவில்லை. ஆனால் பயப்பட்டாள். நம்பாமல் பயப்படுவது நம்பிப் பயப்படுவதைவிடக் கேவலம் என்று இப்போது, ஆறு மூன்றுக்கு, அவளுக்குத் தோன்றியது. தோன்றி என்ன பிரயோஜனம்.

வெள்ளைப் பக்கத்தில் எழுத்து வந்தது. 503 என்று பெரிதாக. கீழே, சேவை தற்போது கிடைக்கவில்லை. ஐந்நூற்று மூன்று என்றால் என்ன? சரித்திர டீச்சருக்கு மூன்று இலக்கம் பார்த்தால் வருஷமாகத்தான் தெரியும், கி.பி.யா கி.மு.வா, யாருடைய ஆட்சி என்று மனசு அது பாட்டுக்குத் தேடிவிட்டுத் திரும்பியது. மறுபடி தொட்டாள். மறுபடி 503. கீழே இழுத்து விட்டாள், அதுதான் புதுப்பிப்பது என்று சொல்லியிருந்தார்கள். 503. அதற்குள் வாட்ஸப் குழுவில் டிங் டிங் என்று வந்து விழ ஆரம்பித்தது. ‘எனக்கு ஓப்பன் ஆகல.’ ‘எனக்கும்.’ ‘503னா என்ன சார்?’ ‘இவ்ளோ நேரம் நல்லாத்தானே இருந்துச்சு.’ குழுத் தலைவர் நல்லமுத்து சார் குரலில் ஒரு செய்தி போட்டார்: “யாரும் பதட்டப்படாதீங்க, எல்லாரும் இப்பதான் ஆறு மணிக்கு மேல நல்ல நேரம் பாத்து உள்ள வந்திருக்கோம், அதான் நெரிசல். விடாம ரிஃப்ரெஷ் பண்ணிக்கிட்டே இருங்க. விடாதீங்க.” எல்லாரும். அந்த வார்த்தைக்காகவே செய்தியை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். அவள் ஒருத்தி மட்டும் புருஷன் சொன்னான் என்று காத்திருக்கவில்லை. எல்லாப் பாடத்துக்கும் இதே நேரம். மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கான பட்டதாரிகள், முதுகலைப் பட்டதாரிகள், விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவர்கள், கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள், அத்தனை பேரும் காலண்டர் தாளைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஒன்றரை மணி நேரமும் இணையதளம் ஈ ஓட்டியிருக்கிறது. ஆறு அடித்ததும் மொத்தப் பேரும் ஒரே வாசலில் போய் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. குழுவில் ஒவ்வொருவரும் தன் தன் 503-ஐப் படம்பிடித்துப் போட்டார்கள், சிலர் வீடியோவாகவே எடுத்துப் போட்டார்கள், ஒன்றுமில்லாத வெள்ளைத் திரையை. அதெல்லாம் தானாக இறங்கிக்கொண்டிருந்தது அவள் போனில்.

ஆறு ஏழுக்கு அவளுக்கு அந்த ஆப் ஞாபகம் வந்தது. நேற்று நல்லமுத்து சார்தான் அனுப்பியிருந்தார், நீலப் பூட்டு போட்ட படம், இதை ஆன் பண்ணினால் எந்த சைட்டும் சல்லென்று திறக்கும் என்று. ஆன் பண்ணினாள். ஏதோ கொடி ஒன்று வந்தது, எந்த நாடு என்று பார்க்கக்கூட நேரமில்லை. தளத்தைத் தொட்டாள். நிஜமாகவே டக்கென்று ஒரு பக்கம் வந்தது. 403. இதை அணுக உங்களுக்கு அனுமதி இல்லை. அவள் அதை மூன்று தடவை படித்தாள். மற்றவர்களுக்கெல்லாம் சேவை கிடைக்கவில்லை, இவளுக்கு மட்டும் அனுமதி இல்லை. உனக்கு இல்லை. யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு இவள் பெயரைப் பார்த்து, இவளா, இவளை விடாதே என்று சொன்னது போல முகம் எரிந்தது. வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் கழித்து முதல் தடவை ஊருக்குப் போனபோது இப்படித்தான் எரிந்தது. நடையில் நின்று கையை நீட்டினாள், மதி ஓடிப்போய் அத்தையின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. “அம்மாட்டப் போ, அம்மா வந்திருக்கால்லா” என்று சொர்ணம் மதினி பிள்ளையைத் தள்ளித் தள்ளி விட்டாள், பிள்ளை போகவில்லை. சொர்ணம் ஆவுடையப்பனின் அக்கா. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் தாலியறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்தவள். பிள்ளையைச் சோறூட்டி, ஜுரத்துக்குப் பத்து போட்டு, ஒன்பது வருஷம் வளர்த்தது அவள். அவளை வெறுக்கவும் முடியாது. நல்லவள். நல்லவளாக இருப்பதுதான் இவளுக்குப் பொறுக்கவில்லை, ஒரு குறை சொல்லவாவது இடம் வைத்திருக்கலாம். வடிவு செல்வின் சாருக்குப் போன் போட்டாள். அதே பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர், நாசரேத்துக்காரர், ஊர்ப்பக்கத்து மனுஷன்.

“சார், நானூத்தி மூணுன்னு வருது. எனக்கு அனுமதி இல்லையாம். எம் பேர எடுத்துட்டாங்களா?”

“ஒங்களச் சொல்லல டீச்சர். வேற ஏதாவது ஆப் போட்டீங்களா?”

அவள் சொன்னாள்.

“அத மொத அணைங்க. அது ஒங்க போன் வெளிநாட்டுல இருக்க மாதிரி காட்டும். வெளிநாட்டுல இருந்து எவன் வந்தாலும் உள்ள விடாதன்னு அங்க சொல்லி வச்சிருப்பாங்க. நீங்க அம்பாசமுத்திரமா அமெரிக்காவான்னு அதுக்கென்ன தெரியும்.”

“அப்ப அந்த ஐநூத்தி மூணு?”

“அது அவங்க பக்கத்துக் கோளாறு. கூட்டம் தாங்காம ஷட்டர எறக்கிட்டான். நீங்க ஒன்னும் பண்ண வேண்டாம், ரெண்டு மூணு நிமிஷம் விட்டு விட்டுப் பாருங்க, போதும். எங்க சித்தப்பா மக ஜெனிட்டா இங்லீஷ் டீச்சர், நாலே முக்காலுக்கே போட்டு முடிச்சிட்டா. ஒரு நிமிஷம்தான் ஆச்சுன்னா. நீங்க ஏன் டீச்சர் இவ்ளோ நேரம் வச்சிருந்தீங்க?”

சரி சார் என்று போனை வைத்தாள். ஜெனிட்டாவுக்கு ராகு காலம் கிடையாது. பாளையங்கோட்டையோ திருச்செந்தூரோ, கேட்ட ஊர் கிடைத்திருக்கும், பெட்டி கட்ட ஆரம்பித்திருப்பாள்.

ஆப்பை அணைத்தாள். ஆறு பதினொன்று. தொட்டாள். வட்டம் சுற்றியது, இந்தத் தடவை 503 கூட வரவில்லை, வெறும் வட்டம். மெதுவாக, மாவாட்டுகிற நிதானத்தில். மேலே இருந்து ஒரு செய்தி இறங்கி வந்தது: உங்கள் இன்றைய அதிவேக டேட்டா முழுவதும் பயன்படுத்தப்பட்டது, நள்ளிரவு வரை வேகம் குறைக்கப்படும். அரை மணிக்கு முன்னால் தொண்ணூறு சதவீதம் என்று ஒன்று வந்ததும், அதை ஈயை ஓட்டுகிற மாதிரி விரலால் தள்ளிவிட்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. காலையிலிருந்து எதில் போனது? அந்தக் குழு வீடியோக்களில் கொஞ்சம். மீதி எதில் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துகொண்டே மனசு அதைச் சுற்றிச் சுற்றிப் போயிற்று. நாலே முக்காலிலிருந்து ஐந்து நாற்பது வரை வீட்டுக்கு வீடியோவில் பேசினாள். பேசவும் இல்லை, பார்த்தாள். ராகு காலம் கழிய வேண்டுமே, அதுவரை என்ன செய்வது, பிள்ளையைப் பார்ப்போம் என்று கூப்பிட்டாள். “ம்மா, சாப்ட்டீங்களா” என்று மதி கேட்டாள். அத்தையை நீ வா போ என்பாள், அம்மாவை நீங்க. அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடவில்லை. போனை அலமாரியில் சாத்திவைத்துவிட்டு சொர்ணம் மதினி மதிக்குத் தலை பின்னினாள். வடிவு பார்த்துக்கொண்டே இருந்தாள். வகிடு எடுத்ததும், சிக்கு எடுத்ததும், நடுவில் ஒரு ஈரைப் பிடித்து நகத்தில் வைத்து நசுக்கியதும், பிள்ளை ஸ்ஸ் என்றதும். பின்னி முடிக்கும்போது அவர்களுக்குப் போன் இருப்பதே மறந்துபோனது. “அம்மா வந்துட்டா நீ எங்க படுப்ப அத்த?” என்றாள் மதி. “கூடத்துல படுக்கேன். எனக்கென்ன.” “அப்ப நானும் கூடத்துல.” சொர்ணம் பட்டென்று அலமாரிப் பக்கம் பார்த்தாள். வடிவு சிரித்து வைத்தாள், பிள்ளை விளையாட்டாகச் சொல்கிறது என்று. அம்பத்தைந்து நிமிஷம். அந்த அம்பத்தைந்து நிமிஷம்தான் ஒரு ஜிபியைக் குடித்துவிட்டது. வேறு எதிலாவது போயிருந்தால், ஒரு சினிமா பார்த்துத் தொலைத்திருந்தால், தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளவாவது முடியும். டாப்-அப் போடலாம் என்றால் அதற்குப் பணம் கட்டும் ஆப் திறக்க வேண்டும், ஆப் திறக்க நெட் வேண்டும். அதைத் தொட்டாள். அதிலும் வட்டம்.

ஆறு பதினான்கு. செருப்புப் போடாமல் படியிறங்கினாள். கீழே வீட்டுக்கார முனிரத்னம்மா விளக்கேற்றிவிட்டு ஊதுவத்தியைச் சுவரில் செருகிக்கொண்டிருந்தாள். “ஏன் டீச்சரம்மா, முகம் இப்பிடி ஆயிருக்குது? ஊர்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?” என்றாள். “இல்லம்மா, ஒங்க போன் நெட்டு கொஞ்சம் வேணும், பத்து நிமிஷம்.” முனிரத்னம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது, போனையே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள், எவ்வளவு நேரம் வேணுமோ வச்சுக்கோங்க என்றாள். இந்த ஊர்க்காரர்களுக்கு அவள் ஒன்பது வருஷத்தில் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. போய்விடப் போகிறோம், போய்விடப் போகிறோம் என்றே இருந்தாள், பக்கத்து வீட்டுப் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஹாட்ஸ்பாட் போட்டுத் தன் போனை அதில் மாட்டினாள். தொட்டாள். திறந்தது. சத்தியமாகத் திறந்தது. அரசு முத்திரை, நீலப் பட்டை, பயனர் எண், கடவுச்சொல். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடித்தாள். ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது என்றது. ஓடிபி வரவில்லை. மறுபடி அனுப்பு என்பதைத் தொட்டாள். வரவில்லை. தொட்டாள். நல்லமுத்து சார் சொன்னாரே, விடாதீங்க. பக்கத்தைக் கீழே இழுத்தாள், மறுபடி எண் அடித்தாள், மறுபடி அனுப்பு, மறுபடி அனுப்பு. ஆறு பதினெட்டுக்கு நாலு ஓடிபி ஒன்றாக வந்து விழுந்தது, எது கடைசி என்று தெரியவில்லை, ஒன்றை அடித்தாள் தவறு என்றது, இன்னொன்றை அடித்தாள் தவறு என்றது, மூன்றாவதை அடிப்பதற்குள் பக்கம் மாறிவிட்டது. 429. மிக அதிக கோரிக்கைகள். பதினைந்து நிமிடங்கள் கழித்து முயலவும். மணி ஆறு பத்தொன்பது. அவள் நின்ற இடத்திலேயே, முனிரத்னம்மாவின் பூஜை அலமாரிக்கு முன்னால், தரையில் உட்கார்ந்துவிட்டாள். மிக அதிக கோரிக்கைகளாம். ஒன்பது வருஷத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“எத்தன தடவ அமுக்குனீங்க டீச்சர்?” என்று போனில் கேட்டார் செல்வின்.

“எண்ணிக்கிட்டா அமுக்குவாங்க?”

“தோராயமா.”

“நாப்பது இருக்கும். அம்பது. எல்லாம் அந்த நல்லமுத்து சொல்லித்தான.”

“டீச்சர், அந்தப் பக்கம் இருக்கறதுக்கு நீங்க ஆளா மிஷினான்னு தெரியாது. ஒரே எண்ணுலருந்து இத்தன தட்டு தட்டுனா களவாணிப்பய எவனோ கதவ ஒடைக்கான்னு நெனச்சுக்கும். அதான் பூட்டிருச்சு. இனி பதினஞ்சு நிமிஷம் தொடவே தொடாதீங்க. நடுவுல தொட்டா மறுபடி மொதல்லருந்து எண்ணும்.”

“பதினஞ்சு நிமிஷத்துல மணி என்ன ஆகும் சார்?”

கணக்கு அவருக்கும் தெரியும். “நேரத்த நீட்டிப்பாங்க டீச்சர், இத்தன பேருக்கு இப்பிடி ஆயிருக்குல்லா” என்றார். நீட்ட மாட்டார்கள் என்று அவர் குரலிலேயே இருந்தது.

தொடக்கூடாது. மாடிக்கு ஏறி வந்து இரண்டு போனையும் கட்டிலில் கவிழ்த்துப் போட்டுவிட்டு எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றாள், கை எட்டாத தூரத்தில். சுவர்க்கடிகாரத்தில் ஆறு இருபது, இருபத்தொன்று. வெளியே கன்னடத்தில் யாரோ யாரையோ பால் வாங்கப் போகச் சொன்னார்கள். அவளுக்குப் புரிந்தது, ஒன்பது வருஷத்தில் தன்னையறியாமல் காதில் ஏறியிருக்கிறது. ராகு காலத்தின் மேல் பழிபோடலாம், ஆவுடையப்பன் மேல் போடலாம், நல்லமுத்து மேல் போடலாம், ஒன்றரை ஜிபிக்கு மேல் தர மாட்டேன் என்று குழாயைத் திருகிவிட்ட கம்பெனி மேல் போடலாம். போட்டுப் பார்த்தாள், ஒன்றும் நிற்கவில்லை. நாலு முப்பத்தெட்டுக்குக் கட்டைவிரல் அங்கேதான் இருந்தது. அதை எடுத்தது யார்? ராகு காலம் என்று மனசு சொல்லிக்கொண்டதற்கு அடியில், ரொம்ப அடியில், வேறு ஒன்று கிடந்தது, அதைத் தொட அவளுக்குப் பயமாக இருந்தது. போனால் என்ன ஆகும். நிஜமாகவே போய் நடையில் நின்றால். ஒரு வாரம் பலகாரம், ஒரு வாரம் கோயில், அப்புறம்? பிள்ளைக்கு என்ன காய் பிடிக்கும் என்று சொர்ணத்தைத்தான் கேட்க வேண்டும். பிள்ளை பெரியவளானபோது இவளுக்கு மறுநாள்தான் தெரியும். மஞ்சள் தண்ணி ஊற்றி எல்லாம் முடித்தபிறகு, “ஒனக்கு பரீட்சை டியூட்டின்னு சொன்னல்லா, அதான் சொல்லல” என்றார் ஆவுடையப்பன். அவள் கோபப்படக்கூட இல்லை, சந்தோஷம் என்றாள், அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினாள். ஒரு பிள்ளைக்கு எழுபது மார்க் வர வேண்டியதற்குப் பதினேழு போட்டுவைத்தாள். அங்கே இவள் போய் யாருடைய இடத்தில் உட்காருவது? இங்கே இருக்கிறவரை, அடுத்த வருஷம் வந்துவிடுவேன், அடுத்த வருஷம் வந்துவிடுவேன் என்று சொல்ல முடிந்தது. வந்த பிறகு எதைச் சொல்வது. இல்லை, அப்படி இல்லை, வர வேண்டும், வந்தே ஆக வேண்டும், பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு, இன்னும் நாலு வருஷம், அதற்கு மேல் காலேஜ், ஹாஸ்டல், அப்புறம் அவளும் ஒரு போனுக்குள் போய்விடுவாள். நாலு வருஷமாவது ஒரே கூரையில். கூடத்தில் படுத்தால் படுக்கட்டும், இவளும் கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறாள், இடமா இல்லை. இருபத்தெட்டு. கால் கட்டில் பக்கம் நகர்ந்தது, இழுத்துப் பிடித்தாள். இருபத்தொன்பது. குழுவில் டிங் என்றது, போனைத் திருப்பி அதை மட்டும் பார்த்தாள். ‘எனக்கு ஓகே ஆயிடுச்சு, கடவுளுக்கு நன்றி’ என்று யாரோ. கும்பிடுகிற கைகள் ஆறு. முப்பது. வாய்க்குள் ஏதோ கசந்தது, காலையில் குடித்த காபியாக இருக்கும்.

ஆறு முப்பத்தைந்துக்கு எடுத்துத் தொட்டாள். முனிரத்னம்மாவின் நெட்டில் பக்கம் சட்டென்று வந்தது, நாலு முப்பத்தெட்டுக்கு வந்ததைவிட வேகமாக. கூட்டமெல்லாம் போய்விட்டது. ஒரே ஓடிபி, ஒரே தடவையில் சரி. பெயர், எண், தலைநிறைய முடி. ஊர்ப் பட்டியல் இருந்த இடத்தில் ஒரு வரி. ‘உரிய நேரத்தில் தெரிவு செய்யப்படாததால், இந்த ஆண்டு பணிமாறுதலில் விருப்பமில்லை எனப் பதிவு செய்யப்பட்டுள்ளது.’ கிடைக்கவில்லை என்று போட்டிருக்கலாம். முடியவில்லை என்று போட்டிருக்கலாம். விருப்பமில்லை. அவளுடைய போட்டோவுக்கு நேர் கீழே, அவளே சொன்ன மாதிரி. ஆவுடையப்பன் கூப்பிட்டார். நடந்ததையெல்லாம் அவள் ஒழுங்காகத்தான் சொன்னாள், ஐந்நூற்று மூன்று, நானூற்று மூன்று, வேகம் குறைத்தது, நானூற்று இருபத்தொன்பது, பாடம் நடத்துகிற குரலில். நாலு முப்பத்தெட்டுக்குத் திறந்ததையும் சொன்னாள். “அப்பவே போட்டிருக்கலாம்லா” என்றார். அவள் போனை வைத்துவிட்டாள். கத்த வேண்டும் போல இருந்தது, கத்தவில்லை, கீழே முனிரத்னம்மா இருக்கிறாள். போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், முதலில் அதைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். சரியாச்சுங்களா என்று அவள் கேட்டதற்கு ஆச்சு என்றாள்.

பிள்ளைக்கு யார் சொல்வது? ஆவுடையப்பன் சொல்வார், அவர் பாணியில், ஒங்க அம்மா கோட்டை விட்டுட்டா என்று. அதற்கு முன்னால் தான் சொல்லிவிட வேண்டும். மதியின் எண்ணுக்கு எழுத ஆரம்பித்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்ததால் என்று எழுதினாள், அழித்தாள். அம்மா நிறைய தடவை அமுக்கிட்டேன்டா என்று எழுதினாள், அதையும் அழித்தாள். உன்னைப் பார்த்துக்கொண்டு இருந்ததில் என்று எழுதப் போய் விரல் நின்றது. அதை எழுதக் கூடாது, எந்தக் காலத்திலும் அந்தப் பிள்ளைக்கு அது தெரியக் கூடாது. கடைசியில், ‘இந்த வருஷமும் கிடைக்கலடா மதி. அம்மாவால வர முடியல’ என்று மட்டும் அனுப்பினாள். அனுப்பியதும் பயந்தாள். அழுவாளே, சாப்பிட மாட்டாளே, சொர்ணம் மதினிதான் சமாதானம் பண்ண வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். வேகத்தைக் குறைத்துவிட்டாலும் எழுத்து மட்டும் தடையில்லாமல் போய்வரும் போலிருக்கிறது. இரண்டு நீலக் கோடு விழுந்தது. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. ‘பரவால்லம்மா.’ பக்கத்தில் ஒரு சிரிக்கிற மஞ்சள் முகம். வடிவு அடுத்த வரிக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏம்மா, என்னாச்சு என்று ஏதாவது வரும். மதி ஆன்லைனில் இருப்பதாகக் கொஞ்ச நேரம் காட்டியது. பிறகு அதுவும் போய்விட்டது.